கம்பியின்றி வந்த காட்சி

கம்பியில்லாத் தந்தி, கம்பியில்லா ஒலி, கம்பியில்லாப் படம் என்னும் மூன்றும் உலகிற் படிப்படியாகத் தோன்றியவை. 1901 டிசெம்பர் 12ஆந் திகதி மார்க்கோனி அத்திலாந்திக் மாகடலைக் கடந்து வந்த தந்திக் குறியைக் கேட்டார். 1924இல் எட்வர்ட் ஹாப்பர் கொழும்பு மத்திய தந்தி நிலையத்திலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். அடுத்த ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி இலங்கையில் வானொலி முறைப்படி தொடங்கிற்று. 1926 சனவரி 26ஆந் திகதி ஜோன் லோகி பெயர்ட் என்பார் அசையும் மனித முகத்தை இலண்டனில் அறிஞர்களுக்குத் தொலைக்காட்சியிற் காட்டினார்.

இன்று நான்காவது படி ஒன்று வந்துள்ளது. வீட்டிலுள்ள கணினியின் திரையில் எது தெரிகின்றதோ, அது கம்பி எதுவுமின்றி அவ்வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலும் தெரிகின்றது. பெருநகரங்களில் இதனை ஒரு சிறு வசதியென மதித்துக் கடந்து போவர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நோக்குவோர்க்கு இதன் பொருள் வேறு. காட்சியைப் பிறர் அனுப்ப, அது வந்து சேருமா என்று காத்திருந்தே பழகிய ஒரு நிலப்பகுதி அது.

கணினித் திரையைத் தொலைவிலுள்ள வேறொரு திரையிற் காட்டும் முயற்சி பலர் எண்ணுவதினும் பழையது. 1968 டிசெம்பர் 9ஆந் திகதி அமெரிக்க அறிஞர் டக்ளஸ் எங்கல்பாட், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபம் ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் அமர்ந்தார். அவர் இயக்கிய கணினியோ ஏறக்குறைய 50 கிலோமீற்றருக்கு அப்பால் மென்லோ பார்க் என்னும் ஊரில் இருந்தது. அங்கிருந்த திரையைத் தொலைக்காட்சிக் கமராவாற் படம்பிடித்து, நுண்ணலை வழியாக அனுப்பி, மண்டபத்துப் பெருந்திரையில் விழச் செய்தனர். அந்த ஒரு நிகழ்ச்சிக்கு ஆய்வுகூடம் ஒன்றின் ஆள்பலமும் விலைமிக்க கருவிகளும் வேண்டியிருந்தன. அவ்வாண்டில் இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை.

குடாநாட்டுக்குக் காட்சி முதலில் வந்தது கொழும்பிலிருந்து அன்று, கடலுக்கு அப்பாலிருந்து. 1975 ஆகஸ்ட் 15ஆந் திகதி சென்னையில் தூரதர்சன் நிலையம் தொடங்கியது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 380 கிலோமீற்றர். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். கணக்கின்படி அத்தனை தூரத்துக்கு அவை எட்டலாகாது. ஆயினும் வெப்பமான, காற்றடங்கிய நாட்களில் கடலின்மேற் குளிர்ந்த காற்று கீழும் சூடான காற்று மேலுமாக அடுக்கடுக்காய் நிற்பதுண்டு. அவ்வடுக்குகளுக்கிடையே அகப்பட்ட அலை, வாய்க்காலில் ஓடும் நீர்போல நெடுந்தூரம் செல்லும். பாக்கு நீரிணையும் வங்கக் கடலும் அத்தகைய வாய்க்காலாயின.

அவ்வலையைப் பிடிப்பதற்கு மக்கள் வீட்டுக் கூரைக்கு மேலே இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி உயர்த்தினர். அவற்றின் உச்சியில் மீன்முள்ளை ஒத்த அலைவாங்கி இருக்கும். அன்ரெனா என்பதே ஊர் வழக்கு. அதனோடு அலையைப் பெருக்கும் பூஸ்டர் என்னும் சிறு கருவியும் இணைக்கப்படும். ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப, மற்றொருவர் உள்ளேயிருந்து படம் தெளிந்ததா இல்லையா என்று குரல் கொடுப்பார். வெள்ளிக்கிழமை மாலை தூரதர்சனில் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சி வரும் வேளையில், பெட்டியுள்ள வீட்டில் அயலவர் கூடுவர். காற்று மாறினாற் படம் புள்ளி புள்ளியாய்ச் சிதறும். அப்போது எவரையும் குறைகூற வழியில்லை. கடலும் வானும் மனம்வைக்க வேண்டும் என்று அமர்ந்திருப்பர். பின்னர் கொடைக்கானல் மலையில் உயர்சக்தி நிலையம் அமைந்தபின் காட்சி மேலும் தெளிந்தது. ஏறத்தாழ 280 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தாலும், மலையின் உயரம் அதற்குத் துணைநின்றது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரில் 13ஆந் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியாகத் தொடங்கிற்று. இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் யப்பானிய உதவியுடன் 1982 பெப்ரவரி 15ஆந் திகதி ஒளிபரப்பை ஆரம்பித்தது. நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால மலையில் அதன் பிரதான ஒளிபரப்பி நிறுவப்பட்டது. அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். எனவே மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, ஏ-9 வீதியோரத்திலுள்ள கொக்காவிலில் அஞ்சல் நிலையம் ஒன்று வேண்டியதாயிற்று. 1990 சூலையில் நடந்த போரில் அந்நிலையம் அழிந்தது.

அதே ஆண்டிற் குடாநாட்டின் மின்சாரமும் நின்றது. காட்சி அலைகள் வானில் இருந்தும், அவற்றைப் பெறும் பெட்டிகள் இருண்டு கிடந்தன. மின்கலங்களும் எரிபொருளும் வடக்கே வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆதலால் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, அதன் தைனமோவில் எழுந்த மின்னாற் செய்தி கேட்டனர். படம் பார்ப்பதற்கு மின்பிறப்பாக்கியையும் தொலைக்காட்சியையும், ஊரார் ‘டெக்’ என்று வழங்கிய ஒளிநாடாக் கருவியையும் வாடகைக்கு எடுத்து, இரவு முழுவதும் பல படங்களை அடுத்தடுத்துப் போட்டனர். 1995இல் இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அது 100 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்திலேயே உள்ளது. அதே ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தம் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். அலை அருகில் வந்தபோது அதனைப் பெறும் வீட்டில் ஆள் இல்லை.

போர் 2009இல் முடிந்தது. 2011 சூன் 6ஆந் திகதி கொக்காவிலில் 170 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடைய புதிய கோபுரம் திறக்கப்பட்டது. மின்சாரமும் இணையமும் ஊர்தோறும் பரவலாயின. கணினித் திரையைத் தொலைக்காட்சிக்குக் கம்பியின்றி அனுப்பும் முறைகள் உலகில் உருப்பெற்றதும் இதே காலத்திலேயாம். 2010இல் இன்டெல் நிறுவனத்தின் ‘வைடி’, ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஏர்ப்ளே’ என்பன வந்தன. 2012இல் ‘மிராகாஸ்ட்’ என்னும் பொதுமுறை வகுக்கப்பட்டது. மறுவருடம் விண்டோஸ் 8.1 அதனைத் தன்னுட் கொண்டு வெளிவந்தது. கூகிள் நிறுவனத்தின் ‘குரோம்காஸ்ட்’ என்னும் சிறு கருவியும் 2013இல் விற்பனைக்கு வந்தது.

இது செயற்படும் விதத்தைச் சிறிது நோக்குவோம். முழுத் தெளிவுடைய திரையில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 என 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அவற்றின் நிறங்களை விநாடிக்கு 60 தடவை அப்படியே அனுப்புவதாயின் வீட்டு வைஃபை அலை அந்தச் சுமையைத் தாங்காது. ஆகவே கணினி ஓர் உபாயம் செய்கின்றது. முந்திய படத்துக்கும் பிந்திய படத்துக்கும் இடையே எது மாறியதோ அதனையே தேர்ந்து, சுருக்கி, சிறுசிறு பொதிகளாக்கி அனுப்புகின்றது. தொலைக்காட்சி அப்பொதிகளைப் பிரித்துப் படத்தை மீண்டும் விரிக்கின்றது. இதற்கு விநாடியின் ஒரு சிறு பகுதி செல்லும். கணினியிற் சுட்டியை அசைத்தால் தொலைக்காட்சியிற் சற்றுப் பிந்தி அசைவது அதனாலேயே.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. குரோம்காஸ்ட் போன்றவற்றிற் பெரும்பாலும் கணினியோ கைப்பேசியோ கட்டளை மட்டும் இடும். படத்தைத் தொலைக்காட்சியே இணையத்திலிருந்து பெற்றுக்கொள்ளும். மிராகாஸ்ட் முறையில் கணினியும் தொலைக்காட்சியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. அதற்கு இணையம் வேண்டியதில்லை. இணைய இணைப்பு அறுந்த நாளிலும், கணினியிற் சேமித்த படமும் ஏடும் பெருந்திரையில் வரும். அயல்வீட்டார் தவறுதலாக நுழையாதிருக்கத் தொலைக்காட்சி ஓர் இலக்கத்தைக் காட்டி, அதனைக் கணினியிற் பதியுமாறு கேட்கவும் செய்யலாம்.

சென்னை அலை 380 கிலோமீற்றர் கடந்து வந்தது. இந்த அலை செல்வது சில மீற்றர் தூரமே, ஒரு சுவரைத் தாண்டினாலும் தளர்ந்துவிடும். எனினும் வரலாற்று நோக்கிற் சிறியது பெரியதாகின்றது. முன்னர் நிலையம் ஒன்று அனுப்பியதையே வீடு பெற்றது. இப்பொழுது வீடே நிலையம். அங்குள்ளோர் தேர்ந்தெடுப்பதே நிகழ்ச்சி. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியின் சிறு கண்ணாடியிற் காண இயலாத முதியவர், அதனைச் சுவரளவுத் திரையிற் காண்கின்றார். ஊரில் நடக்கும் திருமணத்தை அவர்கள் அங்கு காண்கின்றனர். கடல் கடந்து வருவதே காட்சி என்றிருந்த நிலை மாறி, குடாநாட்டிலிருந்து காட்சி கடல் கடக்கின்றது.

இதனினும் முக்கியமான பயன் ஒன்றுண்டு. 1981 சூன் முதலாந் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதன்பின் எஞ்சியவற்றையேனும் காக்கவேண்டும் என்னும் எண்ணம் பலருக்கு எழுந்தது. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், இலங்கைத் தமிழரின் பழைய நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. அப்பக்கங்களைக் கணினியின் முன் ஒருவர் தனித்திருந்து படிக்கலாம். தொலைக்காட்சித் திரையில் விரித்தாலோ, பாட்டனாரும் பேரப்பிள்ளையும் ஒருங்கிருந்து படிக்கலாம். மங்கிய அச்செழுத்து பெரிதாகின்றது. வழக்கொழிந்த சொல்லுக்கு மூத்தோர் பொருள் கூறுகின்றனர். பழைய ஊர்ப்படத்தில் நிற்பவர் இன்னாரென அடையாளம் காட்டுகின்றனர். அவ்விளக்கம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிராதது; சொல்லும் முதியோர் இருக்கும் நாள்வரையே கிடைப்பது.

கருவி எதனையும் அனுப்பும். நல்லது தீயது அறியாது. பெருந்திரை கிடைத்தும் வேற்றூர் நாடகத் தொடர்களையே இரவெல்லாம் பார்ப்பதாயின், இரும்புக் குழாயைத் திருப்பி நின்ற காலத்துக்கும் இக்காலத்துக்கும் படத்தின் தெளிவைத் தவிர வேறுபாடில்லை. அன்று எதனைப் பார்ப்பது என்பதைக் காற்றும் கடலும் போரும் தீர்மானித்தன. இன்று அத்தீர்மானம் வீட்டாரின் கையில் உள்ளது. வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் பழைய கடிதத்தையும் நிழற்படத்தையும் ஏட்டுச்சுவடியையும் படமெடுத்துத் திரையில் ஏற்றி, அவற்றின் கதையை மூத்தோர் வாயாற் கேட்டுப் பதிவு செய்யும் குடும்பம், எரிந்த நூலகத்துக்கு ஒரு நூலைத் திருப்பிக் கொடுத்ததாகும்.