தங்கும் விடுதிப் பள்ளி: இடம் கிடைத்தால் மட்டும் போதுமா?

ஜொகூரில் முழுத் தங்கும் விடுதிப் பள்ளி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை, ஜொகூர் பாருவில் பெண்களுக்கான துன் பாத்திமா பள்ளியும் குளுவாங்கிலுள்ள ஜொகூர் அறிவியல் இடைநிலைப்பள்ளியும். 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. இப்போது ஆறாம் ஆண்டு மாணவர்கள் பிகேஎஸ்கே மதிப்பீட்டின் வழி படிவம் 1க்குத் தேர்வாகிறார்கள். மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதோருக்கு 10 விழுக்காட்டு இடம்தான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு விடுதியில் தமிழ் பேசத் துணை இல்லாமல் போகலாம். புள்ளிகள் நன்றாக இருந்தும் சில பிள்ளைகள் வாடிப்போவது இதனால்தான். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் வகுப்பு நடத்த 1996 கல்விச் சட்டம் இடம் தருகிறது. விடுதிப் பள்ளியில் அந்த 15 பேர் சேர்வது எளிதல்ல. எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எடுக்க வழியுண்டா, சைவப் பிள்ளைக்கு என்ன உணவு, தீபாவளிக்கு எத்தனை நாள் விடுப்பு, வீட்டுக்கு எப்போது பேசலாம் என்பதையெல்லாம் பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். முதல்வரைவிட, அங்கே படிவம் 2இல் இருக்கும் பிள்ளையைக் கேட்டால் உண்மை தெரியும்.

பள்ளி தூரமாக இருப்பதுதான் தோட்டத்துக் குடும்பத்தின் சிக்கல் என்றால், விடுதி வசதியுள்ள சாதாரண இடைநிலைப்பள்ளி பக்கத்து ஊரில் உண்டா என மாவட்டக் கல்வி இலாகாவில் விசாரிக்கலாம்.