சைக்கிளின் சேணம்

தமிழில் நாம் அதை ‘சீட்’ என்கிறோம். கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். வாங்குகிறவரும் அப்படித்தான் கேட்கிறார். இங்கிலீஷ்காரர்களோ குதிரையின் முதுகில் போடும் சேணத்தின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். இதை வெறும் பெயர் வித்தியாசம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சீட் என்றதும் நம் மனம் நாற்காலியையும் மெத்தையையும் நினைக்கிறது. சேணம் வேறு ஜாதி. அதில் யாரும் முழுப் பாரத்தையும் இறக்கி உட்காருவதில்லை. காலும் கையும் கூடவே வேலை செய்ய வேண்டும். நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர்கள் படும் வேதனையில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தது என்பது என் அபிப்பிராயம். சைக்கிளின் சரித்திரமும் அப்படித்தான் சொல்கிறது.

1817-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்திலிருந்து கார்ல் ட்ரைஸ் என்ற காட்டிலாகா உத்தியோகஸ்தர் இரண்டு சக்கர மர வண்டி ஒன்றில் புறப்பட்டார். அதற்குப் பெடல் கிடையாது. தரையைக் காலால் உந்தித்தான் ஓட்ட வேண்டும். மெத்தை வைத்த ஆசனம் ஒன்றும், முன்னால் கைகளை ஊன்றிக்கொள்ள ஒரு பலகையும் இருந்தன. பாரத்தைப் பங்கிட வேண்டும் என்பது முதல் வண்டி செய்தவருக்கே தெரிந்திருந்தது போலும்!

1860-களில் பாரிஸில் முன் சக்கரத்தில் பெடல் வைத்தார்கள். கால் தரையை விட்டு எழும்பியது. பாரம் ஆசனத்தின் மேல் வந்து விழுந்தது. இரும்புப் பட்டை அடித்த மரச் சக்கரம், கல் பாவிய தெரு. கேட்க வேண்டுமா? இங்கிலாந்தில் அந்த வண்டிக்கு ‘எலும்புகுலுக்கி’ என்றே பெயர் வைத்தார்கள். காற்றடைத்த டயரை டன்லப் 1888-ல் கொண்டு வரும்வரை அதிர்ச்சியைத் தாங்கியது ஸ்பிரிங்கும் மனித எலும்பும்தான்.

இந்தச் சமயத்தில்தான் குதிரைச் சேணம் செய்கிறவர் ஒருவர் கதையில் நுழைகிறார். ஜான் போல்ட்பீ புரூக்ஸ், பர்மிங்ஹாமில் 1866-ல் குதிரைக்கான தோல் சாமான் வியாபாரம் தொடங்கியவர். 1878-ல் அவருடைய குதிரை செத்துப்போயிற்று. வேறு குதிரை வாங்க வசதியில்லாமல் ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார். அதன் ஆசனம் அவரைப் படுத்திய பாட்டில், தாமே ஒன்று செய்ய உட்கார்ந்தார். அவர் கம்பெனி தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை இது. 1882-ல் அவருக்குப் பேடண்ட் கிடைத்தது.

இந்த வகைச் சேணத்தில் மெத்தையே கிடையாது. கெட்டியான தோலை முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். கட்டிலுக்கு நாடா இழுத்துக் கட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். புதிதில் பலகைதான். பல நூறு மைல் ஓடிய பிறகு, ஓட்டுகிறவரின் இரண்டு எலும்புகளும் படும் இடத்தில் தோல் பள்ளம் விட்டு, அவருக்கென்றே அமைந்துவிடும். 1903-ல் முதல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மோரிஸ் காரின் பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டரை 17 மணி 45 நிமிஷத்தில் கடந்தார். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் நம்பியது தோலைத்தான், பஞ்சை அல்ல.

பெண்களின் கதை வேறு. 1890-களில் அவர்கள் சைக்கிள் ஏறத் தொடங்கியதும், டாக்டர்களில் பலர் பதறிப்போய்ப் பத்திரிகைகளில் எழுதினார்கள். ஆணின் உடம்புக்குச் செய்த சேணம் பெண்ணுக்கு வலித்தது. சேணத்தை மாற்றுவதற்குப் பதிலாகச் சவாரியை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. நடுவில் இடைவெளி விட்டு, எலும்புக்கு ஒன்றாக இரண்டு திண்டு வைத்த ‘கிறிஸ்டி’ சேணம் அப்போதே விற்பனைக்கு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

ஆணும் சுகமாக இருந்துவிடவில்லை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டான், அவ்வளவுதான். 1997-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் இர்வின் கோல்ட்ஸ்டைன், சேணத்தின் மூக்கு அழுத்துவதால் ஆண்மையே பாதிக்கப்படலாம் என்று பகிரங்கமாகச் சொன்னபோது பெரிய கூச்சல் எழுந்தது. 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சேணம் கொடுத்துப் பார்த்தார்கள். முந்தைய ஆறு மாதத்தில் ஓட்டும்போது மரத்துப்போகவே இல்லை என்றவர்கள் முதலில் நூற்றுக்கு 27 பேர். புதுச் சேணத்தில் ஆறு மாதம் ஓட்டிய பிறகு 82 பேர். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டால் மனம் சங்கடப்படுகிறது.

நெடுந்தூரத்துக்குச் சேணம் வாங்கப் போகும் இளைஞர்கள் கடையில் முதலில் செய்வது, கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது. விரல் புதைந்தால் திருப்தி. இதுதான் நாற்காலிப் புத்தி. மிருதுவான திண்டில் எலும்பு புதைந்ததும், நடுவிலுள்ள திண்டு மேலெழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் இடத்தை அழுத்துகிறது. அரை மணிக்குச் சுகம். மூன்றாவது மணியில் மரத்துப்போகும்.

பார்க்க வேண்டியது அகலம். கெட்டியான பலகையில் நெளிவு அட்டை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும். அந்த இரண்டையும் தாங்கும் அகலம் சேணத்துக்கு இருக்க வேண்டும். அடுத்தது, உட்காரும் தோரணை. நிமிர்ந்து ஓட்டினால் பாரமெல்லாம் பின்னால் விழும்; நம் பால்காரர் சைக்கிளில் அகலமான ஸ்பிரிங் சீட் இருப்பதற்குக் காரணம் அதுதான். குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிளுக்கு அது தொடையை உராயும், குறுகலானதுதான் சரி. உயரம் அதிகமானால் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடித் தோல் புண்ணாகும். முதலில் மட்டமாக வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்த பிறகும் மரத்துப்போனால், பழகினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். புதுச் சேணத்தில் எலும்பு வலி சில நாளில் பழகும். மரத்துப்போவது பழக வேண்டிய விஷயமே அல்ல. சேணத்தை மாற்றுங்கள், சவாரியை விட்டுவிடாதீர்கள்.