130 வெள்ளிக்கு விற்கப்பட்ட மாவீரன்

சூப்பர்மேன் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. நீல உடை, சிவப்பு மேலங்கி, நெஞ்சில் ஓர் எழுத்து. இவ்வளவு போதும், சின்னக் குழந்தைகூட யாரென்று சொல்லிவிடும்.

சித்திரக்கதை ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். புத்தகத்தில் வந்தவர் உயர்வா, திரையில் வந்தவர் உயர்வா? எந்த நடிகர் பொருத்தம்? எந்த இயக்குநர் கதையைக் கெடுத்தார்? இந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. ஆனால் அதே ரசிகர்களிடம், "இந்த நாயகனை உருவாக்கியவர்கள் யார், அவர்களுக்குக் கிடைத்தது என்ன?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். உண்மையில் புத்தகமா, திரையா என்ற வாதத்தைவிட இந்தக் கதைதான் சுவையானது. புத்தகத்தில் பறிபோனதை ஓரளவு மீட்டுக் கொடுத்தது ஒரு திரைப்படம்.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரம். அங்குள்ள கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் நண்பர்களானார்கள். ஒருவர் ஜெர்ரி சீகல், மற்றவர் ஜோ ஷூஸ்டர். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள். இருவருமே பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். சீகல் எழுதுவார், ஷூஸ்டர் வரைவார். 1933-இல் சொந்தமாக ஒரு விஞ்ஞானக் கதை இதழை சைக்ளோஸ்டைல் செய்து விற்றார்கள். 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதலில் அதில்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் சூப்பர்மேன் நாயகன் அல்ல. மொட்டைத் தலை வில்லன்! பிறகுதான் அவனை நல்லவனாக்கினார்கள். ஆக, இவர்களும் முதலில் ரசிகர்கள்தாம்.

அந்த நாயகனை எடுத்துக்கொண்டு பத்திரிகைகளின் கதவுகளைப் பல ஆண்டுகள் தட்டினார்கள். யாரும் வாங்கவில்லை. கடைசியில் நியூயார்க் வெளியீட்டாளர் ஒருவர் புதிதாகத் தொடங்கிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழுக்கு 13 பக்கக் கதையாக எடுத்துக்கொண்டார். பக்கத்துக்கு 10 அமெரிக்க வெள்ளி. மொத்தம் 130 வெள்ளி. கதைக்கு மட்டுமல்ல, சூப்பர்மேன் மீதான எல்லா உரிமைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். 1938 மார்ச் 1-ஆம் தேதியிட்ட காசோலை இருவரின் பெயரிலும் வந்தது. மற்ற வேலைகளுக்கான கூலியும் சேர்த்து 412 வெள்ளி. அதில் அவர்களுடைய பெயர்கள்கூடச் சரியாக எழுதப்படவில்லை.

அந்த முதல் இதழை இன்று படிப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அட்டையில் 1938 ஜூன், விலை 10 காசு. அதிலுள்ள சூப்பர்மேன் பறக்கமாட்டார், தாவுவார். எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவார், இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவார், அவ்வளவுதான். வேற்றுக்கிரகத்துப் பூதங்களோடு அவர் சண்டை போடவில்லை. கொலைப்பழி சுமத்தப்பட்ட ஓர் அப்பாவிப் பெண்ணை மின்சார நாற்காலியிலிருந்து காப்பாற்ற, நள்ளிரவில் மாநில ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போகிறார். மனைவியை அடிக்கும் ஒருவனைத் தூக்கிச் சுவரில் வீசுகிறார். நாட்டைப் போரில் இழுத்துவிடப் பார்க்கும் அரசியல் தரகரைத் துரத்துகிறார். மூன்றாவது இதழில் இன்னும் ஒரு படி மேலே. பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியும் அவருடைய விருந்தாளிகளும் பகட்டான உடையோடு சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கையில், வழியை அடைத்து அவர்களையே மண்வெட்டி பிடிக்க வைக்கிறார். பொருளாதார மந்தத்தில் வளர்ந்த இரண்டு இளைஞர்களின் கோபம் அது. இந்தச் சூப்பர்மேன்தான் அசல் என்று அடித்துப் பேசும் ரசிகர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு.

பிறகு நாயகன் கைமாறிக்கொண்டே போனார். 1940-இல் வானொலித் தொடர் வந்தது. இளம் நிருபர் ஜிம்மி ஓல்சனும் நாயகனின் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் கல்லும் வானொலி தந்த சரக்குகளே. 1941-இல் ஃப்ளைஷர் நிறுவனத்தின் கேலிச்சித்திரப் படங்கள் வந்தன. தாவித் தாவிப் போவது திரையில் அழகாக இல்லை என்று ஓவியர்கள் கருதினார்கள், பறக்க வைத்தார்கள். சித்திரக்கதையிலும் அவர் பறக்கத் தொடங்கினார். "படம் எடுப்பவர்கள் புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று குறைப்படும் ரசிகர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சூப்பர்மேன் பறப்பதே திரை கொடுத்த வரம்!

பொம்மை, உடை, விளம்பரம் என்று பணம் கொட்டியது. உருவாக்கியவர்களுக்கு வேலை இருந்தது, பக்கக்கூலி இருந்தது, நல்ல வருமானமும் சில காலம் இருந்தது. உரிமை மட்டும் இல்லை. 1947-இல் நீதிமன்றம் சென்றார்கள். சூப்பர்மேன் விற்கப்பட்டது விற்கப்பட்டதுதான் என்றாகிவிட்டது. 1948-இல் ஏறக்குறைய 94,000 வெள்ளிக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். வழக்குச் செலவு போக மிஞ்சியது கொஞ்சம். வேலையும் போயிற்று. கதையின் தலைப்பிலிருந்து இருவர் பெயரும் நீக்கப்பட்டன. அதே 1948-இல்தான் கர்க் ஆலின் நடித்த 15 பாகத் தொடர் படம் திரையரங்குகளை நிறைத்தது. 1952 முதல் 1958 வரை ஜார்ஜ் ரீவ்ஸ் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு சூப்பர்மேனாக வந்தார்.

வெளியீட்டாளர் சட்டத்தை மீறவில்லை. அந்தக் காலத்தில் சித்திரக்கதைத் தொழிலில் எல்லா ஒப்பந்தமும் இப்படித்தான். ஆனால் சட்டப்படி சரி என்பதற்காக வயிறு நிறைந்துவிடுமா? ஷூஸ்டருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஓவியருக்குக் கண் போனால் என்ன மிஞ்சும்? சீகல் இடையில் அதே நிறுவனத்துக்குத் திரும்பி வந்து, பெயர் போடாமல் சூப்பர்மேன் கதைகளை எழுதிக் கொடுத்தார். தாம் உருவாக்கிய நாயகனுக்குத் தாமே பெயரற்ற எழுத்தாளர்! உரிமை கேட்டு மறுபடி வழக்குத் தொடுத்தபோது அந்த வேலையும் நின்றது. வழக்கும் தோற்றது.

1975-ஆம் ஆண்டு. பெரும் பொருட்செலவில் சூப்பர்மேன் படம் தயாராகிறது என்ற செய்தி வந்தது. சீகல் அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு எழுத்தர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆத்திரத்தை அடக்க முடியாமல், அந்தப் படம் விளங்காமல் போகட்டும் என்று சாபமிட்டு நீண்ட அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

அதைக் கண்டு முன்வந்தவர்கள், இவர்களின் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறையினர். பேட்மேன் ஓவியர் நீல் ஆடம்ஸ் தம் தொழிலைத் தள்ளி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி, பத்திரிகை என்று அலைந்தார். மூத்த ஓவியர் ஜெர்ரி ராபின்சன் கேலிச்சித்திரக்காரர்களையும் எழுத்தாளர்களையும் திரட்டினார். உரிமையாளராக இருந்த வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படம் வெளிவரும் முன்னே, அதைப் படைத்த கிழவர்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்று நாடு பேசினால் நன்றாகவா இருக்கும்? 1975 டிசம்பரில் இணங்கினார்கள். இருவருக்கும் ஆயுள் உள்ளவரை ஆண்டுக்கு 20,000 வெள்ளி, மருத்துவச் செலவு. புத்தகத்திலும் படத்திலும் இருவர் பெயரும் மறுபடி இடம்பெறும். ராபின்சன் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்றது இந்தப் பெயருக்காகத்தான்.

1978 டிசம்பரில் ரிச்சர்ட் டோனர் இயக்கிய படம் வெளிவந்தது. திரை விலகியதும் முதலில் தெரிவது விண்வெளி அல்ல. 1938 ஜூன் என்று போட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் இதழை ஒரு சிறு பிள்ளையின் கை புரட்டுகிறது. அதன்பின் ஓடும் எழுத்துகளில் சீகல், ஷூஸ்டர் பெயர்கள் வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

படமும் அதற்குத் தகுதியாகவே அமைந்தது. கிறிஸ்டபர் ரீவ் தோளைக் குறுக்கிக் கூனி நிற்பார், அவர் கிளார்க் கென்ட். கண்ணாடியைக் கழற்றி நிமிர்வார், அவர் சூப்பர்மேன். லோயிஸ் லேன் வீட்டில், அவள் அடுத்த அறைக்குப் போன சில விநாடிகளில் இந்த மாற்றத்தைச் செய்து காட்டுவார். மூக்குக் கண்ணாடி ஒன்றை மாட்டினால் ஆளே தெரியாதா என்ற பழைய கிண்டலுக்கு அதைவிட நல்ல பதில் யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நடிகர்கள் வந்துவிட்டார்கள். ரசிகர்களின் அளவுகோல் இன்னும் ரீவ்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நாயகனின் தந்தையாக இருபது நிமிடம்கூடத் திரையில் வராத மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் வெள்ளி பேசினார்கள், லாபத்தில் பங்கு தனி. அந்தத் தொகை ஷூஸ்டரின் ஓய்வூதியமாக வர 185 ஆண்டுகள் ஆகும். ஷூஸ்டர் 1992-இலும் சீகல் 1996-இலும் காலமானார்கள். ஓய்வூதியம் பின்னர் உயர்த்தப்பட்டது என்றாலும் வழக்குகள் ஓயவில்லை. வாரிசுகளின் வழக்குகளில் 2013-இல் வந்த தீர்ப்புகள் நிறுவனத்துக்குச் சாதகமாகவே அமைந்தன.

அதே 2013-இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் சூப்பர்மேன் எதிரியின் கழுத்தை முறித்தார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 2025-இல் ஜேம்ஸ் கன் இயக்கிய படத்திலோ, பொராவியா என்ற நாடு அண்டை நாட்டின் மீது படையெடுப்பதை அவர் தடுக்கிறார். பொராவியா புதுப்பெயர் அல்ல. 1939-இல் சீகலும் ஷூஸ்டரும் கற்பனை செய்த நாடு. போர் வெறியர்களைத் துரத்திய அந்தப் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டதாக மூத்த ரசிகர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

அந்த 412 வெள்ளிக் காசோலை 2012-இல் ஏலத்துக்கு வந்து 160,000 வெள்ளிக்கு விற்றது. 10 காசு இதழின் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் வெள்ளிக்குப் போனது. அமெரிக்கச் சட்டப்படி அந்த முதல் இதழின் பதிப்புரிமை 2034 ஜனவரி 1-ஆம் தேதி பொதுச்சொத்தாகிறது. அன்று முதல் யார் வேண்டுமானாலும் அந்தக் கதையை எடுத்தாளலாம். ஆனால் அந்த இதழில் உள்ளது மட்டும்தான். கிரிப்டோனைட் கிடையாது, ஜிம்மி ஓல்சன் கிடையாது. பறக்கவும் முடியாது, இருபது மாடி உயரம் தாவலாம்.