மொரீஷியஸ்: கருங்காலிக் காட்டிலிருந்து கடற்கரை விடுதிகள் வரை

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கி.மீ. தொலைவில் உள்ள எரிமலைத் தீவு மொரீஷியஸ். பரப்பு 1,865 சதுர கி.மீ. ஐரோப்பியர் வருவதற்கு முன் இங்கே மக்கள் நிலையாகக் குடியிருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இன்று வாழ்வோர் அனைவரும் கடந்த நான்கு நூற்றாண்டுகளில் கடல்வழியே வந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களுமே. யார் வந்தார்கள், யார் கொண்டுவரப்பட்டார்கள், நிலம் யாரிடம் சேர்ந்தது என்பவையே தீவின் வரலாற்றைத் தீர்மானித்தன. இன்றைய சுற்றுலாத் தொழிலின் அமைப்பும் அந்த நிலப் பங்கீட்டின் தொடர்ச்சியாகவே உள்ளது.

டச்சுக்காரர் காலம் (1598–1710)

அரபு மாலுமிகள் இத்தீவை அறிந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்துபோயின. எனினும் இரு தரப்பினரும் இங்கே குடியேறவில்லை. 1598இல் கரையிறங்கிய டச்சுக்காரர் இளவரசர் மொரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டினர். 1638இல் அவர்கள் அமைத்த குடியேற்றத்தின் முக்கிய நோக்கம் கருங்காலி மரம் வெட்டுவது. மடகாஸ்கரிலிருந்து அடிமைகளும், ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் கொண்டுவரப்பட்டன. கப்பல்களில் வந்த எலி, பன்றி, குரங்கு ஆகியவை தரையில் கூடு கட்டிய டோடோ பறவையின் முட்டைகளைத் தின்றன. காடும் அழிந்துவந்தது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இனம் அற்றுப்போனது. புயல், எலித் தொல்லை, தப்பியோடிய அடிமைகளின் எதிர்ப்பு ஆகியவற்றால் தளர்ந்த டச்சுக்காரர் 1710இல் தீவைக் கைவிட்டனர்.

பிரெஞ்சு ஆட்சி (1715–1810)

1715இல் பிரான்ஸ் தீவைத் தன்னுடையதாக அறிவித்தது. 1721இல் குடியேற்றம் தொடங்கியது. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயியைத் துறைமுக நகராக வளர்த்தார். கொத்தர், தச்சர் முதலிய கைவினைஞர்கள் புதுச்சேரிப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். தீவில் தமிழர் வரலாறு இவர்களிடமிருந்து தொடங்குகிறது. 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றிய கடற்படையும் இத்தீவிலிருந்தே லா பூர்தொனேயின் தலைமையில் புறப்பட்டது.

வயல்களில் உழைத்தவர்கள் மொசாம்பிக், மடகாஸ்கர் கரைகளிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். பிரெஞ்சு முதலாளிகளுக்குப் பெரும் நிலப்பரப்புகள் மானியமாக வழங்கப்பட்டன. கடலோரத்தில் மட்டும் 50 'காலடி' அகலமுள்ள நிலப்பட்டை, தீவின் பாதுகாப்புக்காக அரசின் கையில் வைக்கப்பட்டது. அதன் அகலம் சுமார் 81 மீட்டர்.

கரும்பும் ஒப்பந்தத் தொழிலாளரும்

1810 டிசம்பரில் பிரிட்டன் தீவைக் கைப்பற்றியது. சரணடைவு நிபந்தனைகளின்படி பிரெஞ்சுக் குடிகளின் சொத்துரிமை, சட்டம், மதம், வழக்கங்கள் அப்படியே காக்கப்பட்டன. ஆட்சி கைமாறினாலும் தோட்ட முதலாளிகள் மாறவில்லை. 1825இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கான இறக்குமதி வரி மேற்கிந்தியச் சர்க்கரைக்கு இணையாகக் குறைக்கப்பட்டதும் கரும்பு தீவெங்கும் பரவியது.

1835 பிப்ரவரி 1இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு வழங்கியது. பெற்றவர்கள் உடைமையாளர்கள், விடுதலை பெற்ற 60,000க்கும் மேற்பட்டோருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு விலகிக் கடற்கரைகளிலும் நகர ஓரங்களிலும் குடியேறினர்.

இந்த ஆள்குறைவை எதிர்பார்த்து 1834 முதலே இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாகச் சுமார் 4,50,000 பேர் வந்தனர். போர்ட் லூயியின் குடியேற்றக் கிடங்கில் அவர்களின் பெயர், வயது, ஊர் முதலியவை பதிவாயின. பின்னர் அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். கரையிலிருந்து மேலே செல்லும் கிடங்கின் 16 கற்படிகள் இன்றும் உள்ளன. தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு வராதவரின் இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. 'ஆப்ரவாசி காட்' எனப்படும் குடியேற்றக் கிடங்கை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலைக்கு 2008இல் அதே சிறப்பு கிடைத்தது.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கப்பல்கள் வேறு வழி சென்றன. சர்க்கரை விலையும் சரிந்தது. நெருக்கடிக்குள்ளான தோட்ட முதலாளிகள் ஓரநிலங்களைத் துண்டுபோட்டு விற்றனர். அவற்றை வாங்கிய இந்தியர் சிறு விவசாயிகளாயினர். அவர்களின் பிள்ளைகள் கல்வியும் அரசியல் குரலும் பெற்றனர். 1936இல் தொழிலாளர் கட்சி தோன்றியது. 1937இல் தோட்டங்களில் கலவரம் வெடித்தது. 1959இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1968 மார்ச் 12இல் நாடு விடுதலை பெற்றது.

சர்க்கரையிலிருந்து சுற்றுலாவுக்கு

விடுதலையின்போது ஏற்றுமதி வருவாய் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையிலிருந்தே வந்தது. மக்கள்தொகை விரைந்து பெருகியதால் வருங்காலம் இருண்டது எனப் பொருளியலறிஞர் ஜேம்ஸ் மீட் 1960களின் தொடக்கத்தில் எச்சரித்திருந்தார். நாடு வேறு வழிகளைத் தேடியது. 1970இல் ஏற்றுமதி உற்பத்தி மண்டலச் சட்டம் வந்து, ஆயத்த ஆடை ஆலைகள் பெருகின. ஐரோப்பாவுடன் 1975இல் ஏற்பட்ட சர்க்கரை உடன்பாடு, உலகச் சந்தையைவிடப் பெரும்பாலும் உயர்ந்த விலையை உறுதிசெய்தது. அந்த வருவாயில் ஒரு பகுதியைத் தோட்ட நிறுவனங்கள் விடுதிகளில் முதலிட்டன.

1970இல் வந்த பயணிகள் 30,000க்கும் குறைவு. 2018இல் ஏறத்தாழ 14 லட்சம். இது நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். தீவைச் சூழ்ந்த பவளப் பாறைத் தொடர் அலையைத் தடுத்து, கரையோரம் அமைதியான உப்பங்கழியை உருவாக்கியதே விடுதிகளின் மூலதனம். செலவழிக்கும் திறனுள்ள பயணிகளை ஈர்ப்பதை அரசு கொள்கையாகக் கொண்டு, மலிவு வாடகை விமானங்களை நீண்டகாலம் கட்டுப்படுத்தியது. பிரெஞ்சுக் காலத்துக் கடலோர நிலப்பட்டை இப்போது விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் குத்தகைக்கு விடப்படுகிறது. கடற்கரை மணல் சட்டப்படி பொதுவானது என்றாலும், அதை அடையும் பாதைகள் குறித்து உள்ளூர் மக்கள் தொடர்ந்து போராடி வருகின்றனர்.

2006 முதல் ஐரோப்பா சர்க்கரை விலையைக் கட்டங்களாக 36% குறைத்தது. 2009இல் பழைய உடன்பாடும் முடிந்தது. அதற்கு முன்பே, 2002இல், வெளிநாட்டார் சொகுசு மாளிகை வாங்க அனுமதிக்கும் திட்டம் வந்திருந்தது. கரும்பு வயல்களில் கோல்ஃப் மைதானங்களும் மாளிகைகளும் எழுந்தன. நிலம் மானியமாகப் பெற்ற காலத்திலிருந்து பெருந்தோட்டங்களாக நீடித்தவையே இம்மாற்றத்தில் பெரும் பயன் அடைந்தன.

2020 சுற்றுலாத் தொழிலின் பலவீனத்தைக் காட்டியது. கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டன. ஜூலை 25இல் தென்கிழக்குப் பவளப் பாறையில் தரைதட்டிய 'வகாஷியோ' கப்பலிலிருந்து சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. மீனவரும் பொதுமக்களும் கரும்புச் சோகையையும் துணியையும் கொண்டு மிதவைத் தடுப்புகள் தைத்துக் கடலில் இறக்கினர். கருங்காலிக் காடும் டோடோவும் அழிந்தபோது தீவில் வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. பவளப் பாறையையும் கரையையும் நம்பி இன்று 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். எனவே கடலோரத்தைக் காப்பதும் அதன் வருவாயைப் பரவலாகப் பகிர்வதும் மொரீஷியஸின் பொருளாதாரத்துக்கே அடிப்படையாகிவிட்டன.