2008: ஸ்காட்லாந்துத் தொலைக்காட்சியின் ஒரு வருடக் கணக்கு

தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், ஜான் லோகி பேர்டு என்று பட்டென்று பதில் வரும். அவர் ஸ்காட்லாந்துக்காரர். 1888-இல் ஹெலன்ஸ்பர்க் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். ஆனால் 1926 சனவரியில் தம் கருவியை அறிஞர்களுக்கு அவர் இயக்கிக் காட்டிய இடம் லண்டன் மாநகரம். ஆள் ஸ்காட்லாந்து, அரங்கேற்றம் லண்டன். அன்றைக்கு ஆரம்பித்த இந்த உறவுமுறை இன்றுவரை தீர்ந்தபாடில்லை. லண்டனில் பி.பி.சி. 1936-இல் முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தப் படம் ஸ்காட்லாந்து வந்து சேர 1952 மார்ச் 14 ஆயிற்று. கிர்க் ஓ ஷாட்ஸ் என்ற மேட்டு நிலத்தில் கோபுரம் எழுப்பிய பிறகே அது நடந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் கிளாஸ்கோ நகரிலிருந்து எஸ்.டி.வி. என்னும் வணிகத் தொலைக்காட்சி வந்தது. அதை நடத்திய ராய் தாம்சன், இந்த உரிமம் நோட்டு அச்சடிக்கும் உரிமத்துக்குச் சமம் என்ற பொருளில் சொன்னது உலகப் பிரசித்தம்.

இத்தனை தூரத்துச் சங்கதி நமக்கு எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். தாய்மொழி கடைத்தெருவில் செல்லாத ஊரில் குடியிருந்து பிள்ளை வளர்க்கிறவர்கள் நாம். ஒரு சிறிய மொழி பெரிய மொழியின் வீட்டில் தனக்கென்று ஓர் அறை கேட்ட கதை இது. அதிலும் 2008 என்னும் ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் அங்கே நடந்தன. ஒன்று வரவு, ஒன்று வராக்கடன், ஒன்று செலவு. தனித்தனியாகப் பார்ப்போம்.

சாவி யார் கையில்?

முதலில் ஒரு சட்ட விஷயம். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்துக்கு எடின்பரோவில் தனி நாடாளுமன்றம் அமைந்தது. கல்வி, மருத்துவம், காவல் எல்லாம் அதன் கையில் வந்தன. ஒளிபரப்பு மட்டும் லண்டன் நாடாளுமன்றத்திடமே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்ன மொழி கற்பிக்கலாம் என்று எடின்பரோ முடிவு செய்யலாம். வீட்டுப் பெட்டியில் என்ன ஓட வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது.

மக்கள்தொகையில் ஸ்காட்லாந்து ஐக்கிய இராச்சியத்தில் ஏறக்குறைய 12-இல் ஒரு பங்கு. ஆனால் நாடு முழுவதும் ஓடும் நிகழ்ச்சிகளில் அங்கே தயாரானவை 2004-இல் சுமார் 6 விழுக்காடு. 2006-இல் அது சுமார் 3 விழுக்காடாகச் சுருங்கியது. எல்லாரையும் போல அவர்களும் உரிமக் கட்டணம் கட்டுகிறவர்கள். கட்டுவது ஒரு பங்கு, திரும்பி வருவது அதில் பாதிகூட இல்லை என்றால் எந்த வீட்டுக்காரர் சும்மா இருப்பார்? 2007-இல் ஆட்சிக்கு வந்த முதல் அமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட், ஒளிபரப்பை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார். பி.பி.சி. ஸ்காட்லாந்தில் செய்திப் பிரிவுத் தலைவராக இருந்த பிளேர் ஜென்கின்ஸ் அதன் தலைவர்.

செப்டம்பர் 8: எல்லாரும் கைதூக்கிய தீர்மானம்

ஆணையத்தின் அறிக்கை 2008 செப்டம்பர் 8-ஆம் தேதி வெளியாயிற்று. அதன் தலையாய பரிந்துரை, ஸ்காட்லாந்துக்கென்று பொதுநலன் கருதி இயங்கும் தனி எண்முறைத் தொலைக்காட்சி ஒன்று வேண்டும் என்பது. ஆண்டுச் செலவு 7.5 கோடிப் பவுன் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். அக்டோபரில் எடின்பரோ நாடாளுமன்றத்தில் விவாதம் வந்தபோது கட்சி வேறுபாடின்றி எல்லாரும் ஆதரித்தார்கள். அப்படி ஒரு ஒற்றுமையை அந்த மன்றம் அடிக்கடி கண்டதில்லை.

சரி, காசு யார் தருவது? அங்கேதான் இடித்தது. அதிகாரமும் உரிமக் கட்டணமும் லண்டன் கையில். அதே செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் திவாலானது. அக்டோபரில் எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு பெரிய வங்கிகளையே அரசாங்கப் பணம் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் தொலைக்காட்சிக்குப் பணம் கேட்டால் யார் காதில் விழும்? அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. பத்தாண்டு கழித்து, 2019 பிப்ரவரி 24-இல், பி.பி.சி. தானாகவே ஸ்காட்லாந்துக்கு ஒரு தனி அலைவரிசையைத் தொடங்கியது. அது ஆணையம் கேட்டதைவிட மிகச் சிறிய முதலில் பிறந்த பிள்ளை. அதன் இரவு 9 மணிச் செய்தி நிகழ்ச்சி, பார்ப்பவர் தொகை குறைவென்று 2024-இல் நிறுத்தப்பட்டது. கையிருப்பு இல்லாத தீர்மானம் பேரேட்டில் ஏறாது என்பது வியாபாரிகள் நாம் அறிந்ததுதானே.

செப்டம்பர் 19: சிறிய மொழிக்கு ஒரு அறை

அந்த அறிக்கை வந்த பதினோராம் நாள் இரவு 9 மணிக்கு பி.பி.சி. ஆல்பா பிறந்தது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியாகிய கேலிக்கில் அந்த நாட்டின் பெயர் ஆல்பா. முதல் இரவில் ஸ்கை தீவிலிருந்து பாட்டும் கூத்துமாக நேரடி ஒளிபரப்பு. பின்பு ஒவ்வொரு வார நாளிலும் 'ஆன் லா' என்று ஒரு செய்தி. 'அந்த நாள்' என்று பொருள்.

2001 கணக்கெடுப்பில் கேலிக் பேசுவோர் 58,652 பேர். அதாவது நம்மூரில் ஒரு நடுத்தர நகரத்துச் சனத்தொகை! இத்தனை பேருக்கு ஒரு தொலைக்காட்சியா என்று ஏளனம் பண்ணினவர்களும் உண்டு. ஆனால் இது ஒரு நாளில் வந்ததல்ல. 1990-ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டத்தில் கேலிக் நிகழ்ச்சிகளுக்கென்று நிதியும் குழுவும் ஏற்பட்டன. அந்தப் பணத்தில் 1993-இல் 'மாஹர்' என்னும் தொடர் நாடகமும், மொழி கற்பிக்கும் தொடர் ஒன்றும் வந்தன. 1999 முதல் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் சிறு அலைவரிசை ஒன்றும் இருந்தது. 2005-இல் கேலிக் மொழிச் சட்டம். படிப்படியாக ஏறித்தான் மாடிக்கு வந்தார்கள்.

பக்கத்து வேல்சு நாட்டுக்காரர்களுக்கு 1982-லேயே தனித் தொலைக்காட்சி கிடைத்துவிட்டது. அரசாங்கம் கொடுத்த வாக்கை மாற்றப் பார்த்ததும், க்வின்வர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாநோன்பு என்று 1980-இல் அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. கேலிக்காரர்கள் இருபத்தாறு வருஷம் பிந்தினார்கள்.

ஆல்பாவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. பி.பி.சி. ஒரு பங்காளி. எம்.ஜி. ஆல்பா என்ற கேலிக் நிறுவனம் மற்றொரு பங்காளி. அதன் தலைமையிடம் லூயிஸ் தீவின் ஸ்டார்னவே ஊர். எடின்பரோ அரசு ஆண்டுக்கு ஒரு கோடிப் பவுனுக்கு மேல் தருகிறது. ஒளிபரப்பு அதிகாரம் இல்லாவிட்டாலும் மொழி வளர்க்கும் அதிகாரம் இருக்கிறதே, அந்த வழியாக! தொடக்கத்தில் செயற்கைக்கோள் தட்டு வைத்த வீட்டுக்குத்தான் கிடைத்தது. சாதாரண வான்கம்பிக்கு வந்தது 2011 சூன் மாதத்தில். காற்பந்தும் இசையும் சேர்த்துக் கொடுத்ததால், மொழி தெரியாதவர்களும் பார்த்தார்கள்.

நவம்பர் 20: அணைந்த பழைய விளக்கு

மூன்றாவது காரியம் தெற்கு எல்லைப் பகுதியில். பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தி எண்முறைக்கு மாறும் வேலை ஸ்காட்லாந்தில் அங்கேதான் முதலில் நடந்தது. செல்கர்க் கோபுரத்தில் 2008 நவம்பர் 6-இல் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசை நின்றது. நவம்பர் 20-இல் மற்றவையும் நின்றன. பழைய முறையில் ஓர் அலைவரிசை பிடிக்கும் இடத்தில் புதிய முறையில் பல அலைவரிசைகளை அடுக்கலாம் என்பதே இதன் இலாபம்.

ஆனால் அதே சமயத்தில் ஒரு நட்டமும் வந்தது. எல்லைப் பகுதிக்கான வணிகத் தொலைக்காட்சிச் செய்தி அதுவரை கார்லைல் நகரிலிருந்து வந்தது. அதுவே இங்கிலாந்து ஊர்தான். செலவைக் குறைக்க அதை இன்னொரு பிராந்தியத்தோடு சேர்ப்பதென்று முடிவாகி, 2009 பிப்ரவரியிலிருந்து செய்தி கேட்ஸ்ஹெட் நகரிலிருந்து வந்தது. சட்டம் போடுவது எடின்பரோ, சேதி சொல்வது இங்கிலாந்து! அலைவரிசை நூறு ஆயிற்று, சொந்த ஊர்ச் சேதி சுருங்கிப் போயிற்று. மக்கள் குறைப்பட்டு, சில ஆண்டுகள் கழித்துத்தான் அந்தச் சேவை ஓரளவு திரும்பி வந்தது.

கணக்கை முடித்துப் பார்த்தால்

ஆல்பா வந்ததால் கேலிக் பிழைத்ததா? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. 2022 கணக்கெடுப்பில் பேசுவோர் 69,701 பேர் என்று உயர்ந்திருக்கிறது. நகரங்களில் படித்துக் கற்றுக்கொண்டவர்கள் பெருகியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் மொழியின் தாய்வீடான மேற்குத் தீவுகளில் பேசுவோர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, தீவுகளில் வீட்டுப் பேச்சு மொழியாகக் கேலிக் பத்தாண்டுக்குள் மறையக்கூடும் என்று எச்சரித்தது. 2025-இல் எடின்பரோ நாடாளுமன்றம் கேலிக்குக்கு அலுவல் மொழித் தகுதி கொடுத்துச் சட்டம் செய்தது. திரையும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அடுக்களையில்தான் சத்தம் குறைகிறது.

தொலைக்காட்சி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மொழிக்கு மரியாதை தேடித் தந்தது அது. தம் பாட்டியின் பேச்சு பெட்டியிலும் கேட்கிறது என்றால் பிள்ளைக்குக் கூச்சம் போகும். ஆனால் பெட்டி பேசும், பதிலைக் கேட்காது. பிள்ளை திரும்பிப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நம் வீடுகளிலும் மாலை முழுக்கத் தமிழ் அலைவரிசை ஓடுகிறது; பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பது மட்டும் வேறு மொழியில் நடக்கிறது. ஸ்காட்லாந்துத் தீவுகளில் திரை வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்வி பல வீடுகளில் மொழி மாறிப் போயிருந்தது. நம் வீடுகளில் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.