வாடகை அறையில் யோகம்

யோகம் செய்யும் இடம் பற்றி ஹடயோகப் பிரதீபிகை வெகு கறாராக இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு நூல். ஸ்வாத்மாராமர் கேட்பது ஒரு சின்னக் குடில். வாசல் சிறிதாக இருக்கவேண்டும். ஜன்னலோ பொந்தோ கூடாது. சாணம் மெழுகி, பூச்சி அண்டாமல் வைத்திருக்கவேண்டும். அது இருக்கும் நாட்டில் நல்லாட்சி நடக்கவேண்டும், பிச்சை எளிதில் கிடைக்கவேண்டும்.

1981-ல் லண்டனில் நான் குடியிருந்த மாடி அறைக்கு வாசல் சிறிதுதான். ஜன்னல் ஒன்று உண்டு, பெயிண்ட் ஒட்டித் திறக்க வராது. மற்ற நிபந்தனைகள் பொருந்தவில்லை. கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால்தான் ஆள் நீளத்துக்குத் தரை கிடைக்கும். தெருவில் பஸ் நின்று கிளம்பும்போதெல்லாம் அந்தத் தரை அதிரும். காஸ் மீட்டரில் நாணயம் போட்டால், அது தீர்வதற்குள் ஆசனங்களை முடித்தாகவேண்டும், பிறகு குளிர்.

ஊரில் இருந்தவரை யோகம் என்பது எனக்குத் தாத்தா திண்ணையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததோடு சரி. நான் கற்றது லண்டனில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த மாலை வகுப்பில், ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம். ஸம்ஸ்கிருதப் பெயர்களை அவர் உச்சரித்தது தப்பு, நின்றது சரி. எனக்கு இரண்டும் நேர்மாறாக இருந்தது. ஒருநாள், 'இதெல்லாம் எதற்காக, இதற்கப்புறம் என்ன?' என்று கேட்டேன். 'அது இந்த வகுப்பில் இல்லை' என்று சிரித்துவிட்டு அடுத்தவரின் முழங்காலைத் திருத்தப் போய்விட்டார். மேற்கு யோகத்தைக் கழுத்துக்குக் கீழே வெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது என்று அன்றிரவே சென்னை நண்பருக்குக் கடிதம் எழுதினேன். நம்மில் பலரும் எழுதுகிற கடிதம்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பூனாவில் 1937 முதல் யோகம் கற்பித்துவந்த பி. கே. எஸ். அய்யங்காரை, 1952-ல் பம்பாய்க்கு வந்த வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் சந்தித்தார். 1954-ல் ஸ்விட்சர்லாந்துக்கு அழைத்துக்கொண்டார். லண்டனுக்கு அய்யங்கார் முதன்முதலாக வந்ததும் அந்த வருஷம்தான். 1969-ல் லண்டன் உள்நகரக் கல்வி ஆணையம் அவர் முறையை மாலை வகுப்புகளில் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆசனமும் பிராணாயாமமும் சொல்லித்தரலாம், யோகத்தின் தத்துவம் கூடாது. என் ஆசிரியை வாய் திறக்காததன் காரணம் இது.

அப்படியானால் குற்றவாளி லண்டன் ஆணையம்தானே? அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயமல்ல. 74 வருஷம் பின்னால் போக வேண்டும்.

சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக வசூலித்த பணமும் சேர்ந்து 1893-ல் அமெரிக்கா போனவர் விவேகானந்தர். 1895 தொடக்கத்தில் நியூயார்க்கின் 33-வது தெருவில் வாடகை அறைகளில் தங்கி வகுப்பு எடுத்தார். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் முகம் கழுவும் மேஜைமேலும் மாடிப்படியிலும் உட்கார்ந்தார்கள். வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. அந்த வருஷக் குளிர்காலத்தில் வகுப்பு 39-வது தெருவுக்கு மாறியது. டிசம்பரில் ஜே. ஜே. குட்வின் என்ற ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். கொஞ்ச நாளிலேயே அவர் சம்பளம் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து எழுதினார். 'ராஜயோகம்' 1896-ல் நூலாயிற்று.

அந்த நூலில் ஹடயோகத்தின் பாடு மோசம். பயிற்சிகள் கடினமானவை, ஆன்மிக வளர்ச்சிக்குப் பெரிதாக உதவாதவை என்று ஓரிரு வரியில் ஒதுக்கப்படுகிறது. அசையாமல் சௌகரியமாக உட்காரத் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் மனசின் வேலை. அன்றைய படித்த வர்க்கத்துக்கு ஹடயோகி என்றால் தெருவில் வித்தை காட்டும் பக்கிரி. அந்தக் கூச்சம் கல்கத்தாவிலிருந்தே கூட வந்தது, நியூயார்க் கற்றுத்தரவில்லை.

ஆக வெட்டு இரண்டு. 1895-ல் உடம்பை விட்டுவிட்டு மனம் மட்டும் கடல் தாண்டியது. 1969-ல் மனத்தைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் ஹாலுக்குள் விட்டார்கள். இரண்டாவதைப் பற்றி நாம் போடும் சத்தத்தில் முதல் வெட்டு நம் கையால் விழுந்தது என்பது மறந்துபோகிறது. என் தாத்தாவின் திண்ணையிலும் மூக்கு மட்டும்தானே மிச்சமிருந்தது? நான் எழுதிய கடிதம் அவருக்கும் எனக்குமாகச் சேர்த்து எழுதப்பட்டிருக்கவேண்டும்.

குட்வின் 1897 ஜனவரியில் விவேகானந்தருடன் கொழும்பில் இறங்கினார். அடுத்த வாரங்களில் ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம், சென்னை என்று நம் ஊர்களில் விவேகானந்தர் ஆற்றிய உரைகள் இன்று வாசிக்கக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பென்சிலால். 1898 ஜூன் 2-ஆம் தேதி ஊட்டியில் காய்ச்சலில் இறந்தார். 27 வயது. அந்த மலைக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

'ராஜயோக'த்தில் எனக்கு முக்கியமாகப் படுவது சமாதி பற்றிய அத்தியாயங்கள் அல்ல. ஆரம்பத்தில் வரும் ஒரு சலுகை. வசதியுள்ளவர்கள் பயிற்சிக்கென்றே ஓர் அறை வைத்துக்கொள்வது நல்லது, அதில் தூங்கவேண்டாம் என்கிறார் விவேகானந்தர். அது முடியாதவர்கள் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம் என்று சேர்த்துக்கொள்கிறார். ஸ்வாத்மாராமர் இப்படிச் சொல்லியிருக்க முடியாது; அவருடைய சீடர்களுக்கு வாடகை கொடுக்கும் கவலை இல்லை. முகம் கழுவும் மேஜைமேல் ஒருவர் உட்கார்ந்திருக்க, அதை எதிரே பார்த்துக்கொண்டு பேசுகிறவருக்குத்தான் இது தோன்றும்.

கட்டிலை நிமிர்த்தி வைத்த நாட்களில் எனக்கு அந்த வரி தெரியாது. தெரிந்திருந்தால் கடிதத்தைத் தபாலில் போடாமல் இருந்திருப்பேன். பஸ் போகும்போது தரை அதிர்வதையும் குறையாக நினைத்திருக்கமாட்டேன்.