காதுக்குழல் முதல் காக்ளியர் வரை: செவித்துணைக் கருவிகளின் வரலாறு

மும்பை: காது கேளாத குழந்தைகளுக்கான இந்தியாவின் முதல் பள்ளி 1885-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர் லியோ மியூரினின் முயற்சியால் அப்பள்ளி உருவானபோது, மின்சாரத்தால் இயங்கும் செவித்துணைக் கருவி உலகில் எங்கும் விற்பனைக்கு வந்திருக்கவில்லை. செவித்திறன் குறைந்தவர்களுக்கு அன்று கிடைத்ததெல்லாம் காதுக்குழல்தான்.

அகன்ற வாயும் ஒடுங்கிய முனையும் கொண்ட இக்குழல், பரந்த இடத்திலிருந்து ஒலியைத் திரட்டிக் காதுக்குள் செலுத்தும். உள்ளங்கையைக் குவித்துக் காதருகே வைப்பதன் நீட்சி என்றே இதைச் சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் இது புழங்கி வந்தது. இசைமேதை பீத்தோவனுக்காக யோகான் மேல்ட்சல் செய்து கொடுத்த குழல்களை ஜெர்மனியின் பான் நகரிலுள்ள பீத்தோவன் இல்லத்தில் இன்றும் காணலாம்.

லண்டனைச் சேர்ந்த எஃப். சி. ரெய்ன் நிறுவனம் 1819-இல் போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜானுக்காக ஒரு சிம்மாசனத்தையே செவிக்கருவியாக வடிவமைத்தது. அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. மன்னரைக் காண வந்தவர்கள் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயில் பேச வேண்டும். அந்த ஒலி குழாய் வழியாக மன்னரின் செவியை அடையும். குறையை மறைக்கும் கருவியே பணிவைக் கோரும் கருவியாகவும் அமைந்துவிட்டது. வசதி படைத்தோர் பலர் தொப்பிக்குள்ளும் கைவிசிறிக்குள்ளும் குழலை மறைத்துக் கொண்டனர். கேட்க வேண்டும், ஆனால் பிறர் கண்ணில் படக்கூடாது என்ற விருப்பம் இன்றைய விளம்பரங்களிலும் மாறவில்லை.

தொலைபேசிக்கு 1876-இல் காப்புரிமை பெற்ற அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், காது கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயாரும் மனைவியும் செவித்திறன் இழந்தவர்கள். தொலைபேசியில் பயன்பட்ட கார்பன் ஒலிவாங்கியைக் கொண்டு, அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1898 வாக்கில் மின்சாரச் செவிக்கருவியை உருவாக்கினார். அடுத்து வந்தவை வால்வு கருவிகள். வால்வைச் சூடாக்க ஒரு பேட்டரி, உயர் மின்னழுத்தத்துக்கு மற்றொரு பேட்டரி எனச் சுமை கூடியது, செலவும் ஓயவில்லை.

இச்சிக்கலைத் தீர்த்தது, பெல் ஆய்வகத்தில் 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டர் என்றதும் வானொலியே நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வானொலி சந்தைக்கு வந்தது 1954-இல்தான். அதற்கு முன்பே, 1952-இன் இறுதியில், சோனோடோன் நிறுவனத்தின் செவிக்கருவியில் டிரான்சிஸ்டர் இடம்பெற்றுவிட்டது. விலை 229.50 டாலர்.

இந்தியாவில் 1983 ஆகஸ்ட் 9 அன்று தேசிய அளவிலான நிறுவனம் ஒன்று மும்பையில் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிர ஆளுநராக இருந்து மறைந்த அலி யாவர் ஜங் பெயரைத் தாங்கிய இந்நிறுவனம், தமிழர்கள் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளிலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய பாந்த்ரா மேற்கில் உள்ளது.

அரசு உதவியாக நெடுங்காலம் வழங்கப்பட்டது சட்டைப் பையில் வைக்கும் பெட்டிக் கருவி. பெட்டியிலிருந்து காதுக்கு ஒயர் செல்லும் அக்காட்சியைப் பலரும் வீட்டுப் பெரியவர்களிடம் கண்டிருப்பர். பார்வைக்குப் பழையதென்றாலும் அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியே போதும். நடுங்கும் விரலாலும் திருகலாம். ஒலிவாங்கி காதிலிருந்து விலகி இருப்பதால் கூச்சலும் குறைவு. துணி உரசும் சத்தம் பெரிதாகக் கேட்பதும், ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என அறிய இயலாததும் அதன் குறைகள். 1990-களின் நடுவில் வந்த டிஜிட்டல் கருவிகள், எந்த அலைவரிசையில் செவித்திறன் குறைந்துள்ளதோ அதை மட்டும் உயர்த்திக் கொடுக்கும் வசதியைத் தந்தன.

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில், 2022-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ளோர் கருவியை இலவசமாகப் பெறலாம். 30,000 ரூபாய் வரை பாதி விலை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் அவசியம். கருவியால் பயன்பெறாத குழந்தைகளுக்கு, செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் உள்வைப்பு அறுவை சிகிச்சைக்கும் இத்திட்டம் உதவுகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஐந்து வயதுக்குள் இச்சிகிச்சை நடைபெற வேண்டும் என்பதால், பெயர் சொல்லி அழைத்தும் குழந்தை திரும்பவில்லையெனில் 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பது பேரிழப்பாகலாம்.

கருவி கிடைத்த பின்னும் ஒரு வேலை உண்டு. குழந்தை வளரும்போது காதும் வளர்வதால், காதில் பொருத்தும் அச்சை அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டும். அச்சு தளர்ந்தால் கருவி கீச்சிடும். அந்தச் சத்தம் பொறுக்காமல் குழந்தையே அதைக் கழற்றி வைத்துவிடும்.